எடைக்குப் போட்ட பதினோரு கிலோ

கேள்வி: என் மகனுக்கு 16 வயது. அரசு உதவி பெறும் பள்ளியில் பத்தாம் வகுப்பு. ஆகஸ்ட் கடைசியில் பேருந்து நிலையத்தில் ஒருவருடைய செல்போனை எடுத்ததாக, 20 வயதுப் பையன்கள் இரண்டு பேரோடு இவனையும் பிடித்துவிட்டார்கள். ஒரு மாசத்துக்கு மேல், வழக்கில் சிக்கிய சிறுவர்களை வைக்கும் கூர்நோக்கு இல்லத்தில் இருந்துவிட்டு இப்போது ஜாமீனில் வந்திருக்கிறான். வழக்கு நடக்கிறது, என் மனைவிதான் போய் வருகிறாள். தலைமை ஆசிரியர், 'நீங்களாகவே டி.சி. கேட்டு எழுதிக் கொடுத்தால் நடத்தை நன்று என்று போட்டுத் தருகிறேன்' என்றார். எழுதிக் கொடுத்துவிட்டேன், இன்னும் கைக்கு வரவில்லை. இனிப் படிக்கப் போவதில்லை என்பதால் போன வாரம் அவன் புத்தகம், நோட்டு எல்லாவற்றையும் எடைக்குப் போட்டோம், பதினோரு கிலோ இருந்தது. மூத்த பெண்ணுக்கு வரன் பார்க்கிறோம். கல்யாணம் முடியும்வரை இவனைத் திருப்பூரில் என் மைத்துனர் வேலை பார்க்கும் பனியன் கம்பெனிக்கு அனுப்பலாமா என்று யோசனை. பையன் வாயே திறப்பதில்லை. இவனை எப்படித் திருத்துவது?
– பெயர் வெளியிட விரும்பாத தந்தை

பதில்: ஐயா, அவன் திருந்துவது இருக்கட்டும். முதலில் அந்தப் பதினோரு கிலோவைப் பேசுவோம்.

எடையைச் சரியாக எழுதியிருக்கிறீர்கள். மகன் இல்லத்தில் எத்தனை நாள் இருந்தான் என்பதற்கு 'ஒரு மாசத்துக்கு மேல்' என்கிறீர்கள். முப்பத்திரண்டு நாளா, நாற்பத்தைந்து நாளா? தராசு காட்டியது நினைவில் நிற்கிறது. பிள்ளை இல்லாமல் விடிந்த நாட்களின் கணக்கு நிற்கவில்லை. அவன் போனை எடுத்தானா, கூட நின்றானா என்று, 18 வயதுக்குட்பட்டவர்களின் வழக்கை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமமே இன்னும் முடிவு செய்யவில்லை. நீங்கள் முடிவு செய்து சாக்கில் கட்டிவிட்டீர்கள். அப்போது அவன் வீட்டில்தானே இருந்தான்? அடுத்த வரியிலேயே அவன் வாய் திறப்பதில்லை என்று வருத்தப்படுகிறீர்கள். தன் புத்தகம் தராசில் ஏறுவதைப் பார்த்த பிள்ளை உங்களிடம் என்ன பேசுவான்?

அந்தச் சாக்கில் என்ன இருந்தது என்றாவது பார்த்தீர்களா? பத்தாம் வகுப்புப் பிள்ளையிடம் அறிவியல் செய்முறைக்கு ஒரு ரெக்கார்டு நோட்டு இருக்கும். படம் வரைந்து, ஆசிரியர் பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு மையில் கையெழுத்துப் போட்ட நோட்டு. அறிவியலில் 100க்கு 25 மதிப்பெண் செய்முறைக்கு. பாடப்புத்தகம் போனால் வேறு வாங்கலாம், தமிழ்நாடு பாடநூல் கழகத்தின் இணையதளத்தில் இலவசமாகவும் கிடைக்கிறது. ரெக்கார்டு நோட்டை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. முதல் பக்கத்திலிருந்து எழுதி, திரும்பக் கையெழுத்து வாங்க வேண்டும்.

இனி டி.சி. விஷயம். தலைமை ஆசிரியர் உங்களுக்கு உதவி செய்வதாக நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். பள்ளி தானாக ஒரு மாணவனை வெளியே அனுப்பினால் காரணம் எழுத வேண்டும், மேலதிகாரிக்குப் பதில் சொல்ல வேண்டும். பெற்றோரே 'சொந்த விருப்பத்தின் பேரில்' என்று எழுதிக் கொடுத்துவிட்டால் எந்தத் தொல்லையும் இல்லை. பிறகு நீங்கள் எங்கே போய் முறையிட்டாலும் உங்கள் கையெழுத்தைத்தான் எடுத்துக் காட்டுவார்கள். நடத்தை நன்று என்ற இரண்டு சொல்லுக்காக மகனின் இடத்தைக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறீர்கள்.

டி.சி. கொடுத்ததும், எமிஸ் எனப்படும் கல்வித்துறையின் கணினி மாணவர் பதிவில் அவன் பெயர் அந்தப் பள்ளியிலிருந்து பொதுத் தொகுப்புக்குப் போய்விடும். வேறொரு பள்ளி எடுத்துச் சேர்த்துக்கொண்டால்தான் அவன் மறுபடி மாணவன். பத்தாம் வகுப்பின் நடுவில், தேர்ச்சி விழுக்காட்டுக் கவலையில் இருக்கும் எந்தப் பள்ளி எடுக்கும்? இதற்கிடையில் பொதுத்தேர்வு எழுதுவோரின் பட்டியல், அதாவது நாமினல் ரோல், தயாராகிவிடும். அதில் பெயர் இல்லாதவன் மார்ச்சில் பள்ளி மாணவனாகத் தேர்வு எழுத முடியாது. இப்படித்தான் ஒரு வழக்கு ஒரு படிப்பை விழுங்குகிறது. நீதிமன்றம் எதுவும் செய்யத் தேவையில்லை, வீட்டில் போடும் ஒரு கையெழுத்தே போதும்.

டி.சி. இன்னும் கைக்கு வரவில்லை என்பது நல்லதாயிற்று. நாளைக் காலையே இரண்டு பிரதியில் எழுதுங்கள்: 'என் மகன் இதே பள்ளியில் தொடர்ந்து படிக்க விரும்புகிறான். இன்ன தேதியில் நான் கொடுத்த மாற்றுச் சான்றிதழ் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.' அவ்வளவுதான். வழக்கு, போலீஸ், இல்லம் என்று ஒரு சொல்லும் அதில் வேண்டாம். ஒரு பிரதியில் பள்ளி முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். வாங்க மறுத்தால், சேர்ந்ததற்கு ஒப்புகை கிடைக்கும்படி தபாலில் அனுப்புங்கள். அதற்கும் அசையாவிட்டால் மாவட்டக் கல்வி அலுவலர், அவருக்கு மேல் முதன்மைக் கல்வி அலுவலர். கூடவே, குழுமத்துக்காக உங்கள் மகனைப் பற்றி விசாரித்து எழுதும் நன்னடத்தை அலுவலரிடமும் சொல்லுங்கள். வருகை குறைவு என்று பள்ளி சொல்லலாம். அவன் ஊர் சுற்றியதால் வராமல் இருக்கவில்லை, குழுமத்தின் ஆணைப்படி இல்லத்தில் இருந்தான். அதைப் பள்ளிக்கு மூடிய உறையில் தெரிவிக்கும்படி குழுமத்திடம் நீங்கள் மனுக் கொடுக்கலாம்.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். பிள்ளையைப் பள்ளியிலிருந்து நீக்கக் கூடாது என்னும் கல்வி உரிமைச் சட்டத்தின் 16-ஆம் பிரிவைக் காட்டி வாதாடுங்கள் என்று யாராவது சொல்வார்கள். அது எட்டாம் வகுப்பு முடியும்வரைதான் காக்கும், பத்தாம் வகுப்புக்கு உதவாது. உங்களுக்கு உதவுவது 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம். 18 வயது வரை எந்தக் குழந்தையும் குற்ற எண்ணம் இல்லாதது என்றே கொள்ள வேண்டும் என்பது அதன் மூன்றாம் பிரிவில் முதல் கோட்பாடு. புதிய தொடக்கம் என்பதும் அங்கே ஒரு கோட்பாடாகவே எழுதப்பட்டிருக்கிறது. தலைமை ஆசிரியரிடம் இதைக் குரல் உயர்த்தாமல் சொல்லுங்கள். கேட்டால் நல்லது, கேட்காவிட்டால் அதையே மேலே எழுதுங்கள்.

திருப்பூர் யோசனையை இன்றோடு விடுங்கள். ஜாமீனில் விடும்போது அவனை உங்கள் பொறுப்பில் வைத்துக்கொள்வதாகவும், அழைக்கும்போது ஆஜர்படுத்துவதாகவும் எழுதிக் கொடுத்துத்தானே கூட்டி வந்தீர்கள்? குழுமத்துக்குத் தெரியாமல் வெளியூர் அனுப்பினால் அந்த வாக்கை உடைப்பது நீங்கள், விளைவு அவன் தலையில். அமர்வுக்கு வராமல் போனால் வழக்கும் இழுக்கும். அவன் மேல் உள்ளது திருட்டுக் குற்றச்சாட்டு. 3 ஆண்டு வரை தண்டனை உள்ளவற்றை இந்தச் சட்டம் சிறு குற்றம் என்கிறது. முதலில் குழுமத்தின் முன் நிறுத்திய நாளிலிருந்து 4 மாதத்தில் விசாரணை முடிய வேண்டும். காரணம் எழுதி இன்னும் 2 மாதம் நீட்டிக்கலாம். அதற்குள்ளும் முடியாவிட்டால் சிறு குற்ற வழக்கு அதோடு முடிவுக்கு வரும். கூடப் பிடிபட்ட பெரிய பையன்களின் வழக்கு வேறு நீதிமன்றத்தில் தனியாக நடக்கும், அதோடு இதைச் சேர்க்க முடியாது. ஆறு மாதத்துக்குள் முடியக்கூடிய ஒன்றுக்காகப் பதினாறு வயதுப் பிள்ளையை ஊர்விட்டு ஊர் அனுப்பி, முன்பின் தெரியாத ஆட்களோடு அறையில் தங்கவைப்பீர்களா? வயதில் பெரியவர்களோடு சேர்ந்துதானே இங்கே வந்து நிற்கிறான்?

நன்னடத்தை அலுவலர் எழுதும் சமூக விசாரணை அறிக்கையைப் பற்றி உங்களுக்கு யாரும் சொல்லவில்லை என்று தெரிகிறது. குழுமம் முடிவெடுப்பதற்கு முன் படிக்கும் தாள் அது. வீட்டில் யார் யார், அப்பா அம்மாவோடு உறவு எப்படி, நண்பர்கள் யார், ஆசிரியர்கள் அவனிடம் எப்படி, எல்லாம் கேட்பார்கள். பள்ளியை விட்ட காரணம் என்ன என்று தனியாகவே ஒரு கேள்வி உண்டு. 'தந்தையே டி.சி.க்கு எழுதிக் கொடுத்தார், புத்தகங்களை விற்றுவிட்டார்' என்று அங்கே எழுதப்படட்டுமா? 'பள்ளிக்குப் போகிறான், அரையாண்டுத் தேர்வுக்குப் படிக்கிறான்' என்று எழுதப்படட்டுமா? கண்டித்து அனுப்புவது, குழு ஆலோசனை, சமூகப் பணி, நன்னடத்தைக் கண்காணிப்பில் பெற்றோரிடம் விடுவது என்று தொடங்கி, சிறப்பு இல்லத்தில் 3 ஆண்டு வரை வைப்பது வரை குழுமத்தின் கையில் வழிகள் இருக்கின்றன. வீடும் பள்ளியும் பிடித்துக்கொண்டிருக்கும் பிள்ளையை அதே இடத்தில் விட்டுவைப்பது அவர்களுக்கு எளிது. இரண்டுமே கைவிட்ட பிள்ளையை எங்கே விடுவார்கள்?

'என் மனைவிதான் போய் வருகிறாள்' என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். அடுத்த அமர்வுக்கு நீங்கள் போங்கள். ஒரு நாள் சம்பளம் போகட்டும். இந்தச் சட்டத்தில் ஜாமீன்தான் பொதுவிதி, மறுப்பதுதான் விதிவிலக்கு. ஆனாலும் வீட்டிலிருந்து யாரும் வந்து பொறுப்பேற்காததால் வாரக்கணக்கில் உள்ளேயே இருக்கும் பிள்ளைகள் உண்டு. உங்கள் மகனுக்கு ஏன் ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று என்று நீங்கள் எழுதவில்லை. உங்களுக்குத் தெரியும். அதை அவனிடம் நீங்களே சொல்லிவிடுவது நல்லது. வக்கீல் இல்லையென்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள். குழந்தைகளுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசமாக வழக்கறிஞர் தருவார்கள், தொலைபேசி எண் 15100.

பள்ளிக்குத் திரும்பும் முதல் வாரம்தான் கஷ்டமானது. வகுப்பில் எல்லோரும் 'எங்கடா போன?' என்பார்கள். ஒருவன் சீண்டுவான், இவன் கை நீட்டுவான், இரண்டாவது புகார் வரும். பல பிள்ளைகள் இந்த இடத்தில்தான் மறுபடி தவறிப் போகிறார்கள். அதனால் ஒரே ஒரு பதிலை வீட்டில் சொல்லிப் பழக்குங்கள்: 'அதப் பத்திப் பேசக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க.' அது பொய்யும் இல்லை. அவன் பெயரையோ பள்ளியையோ அடையாளம் தெரியும்படி வெளியிடுவதை 74-ஆம் பிரிவு தடுக்கிறது. மீறினால் 6 மாதம் வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் யாராவது எழுதினால் படம் பிடித்து வைத்து நன்னடத்தை அலுவலரிடம் கொடுங்கள். அதற்கு முன் நீங்கள் பேசுவதை நிறுத்துங்கள். மைத்துனருக்கு எப்படித் தெரிந்தது?

பள்ளியில் ஓர் ஆசிரியர் போதும், அவனுக்குப் பிடித்தவராக. தினமும் கடைசி மணிக்கு அவரைப் பார்த்துவிட்டு வரட்டும். மாலை ஐந்திலிருந்து எட்டு மணி வரை பழைய நண்பர்கள் கூடும் நேரம். அவர்களோடு சேராதே என்று சொன்னால் நடக்காது, அந்த மூன்று மணி நேரத்தில் வேறொன்று இருந்தால்தான் நடக்கும்.

படிப்பில், அவன் உண்மையில் எங்கே நிற்கிறான் என்று பாருங்கள். எட்டாம் வகுப்புத் தமிழ் நூலில் ஒரு பத்தியை வாய்விட்டு வாசிக்கட்டும், நாலு வகுத்தல் கணக்குப் போடட்டும். தடுமாறினால் திட்டாதீர்கள். வகுப்பில் புரியாமல் உட்கார்ந்திருப்பது அவமானமாகி, அதை மறைக்க வெளியே போகத் தொடங்கும் பிள்ளைகள் ஏராளம். முதல் இரண்டு வாரம் 40 நிமிடமாக நாளுக்கு இரண்டு முறை போதும். ஐந்து பாடத்திலும் 35 எடுப்பதுதான் இப்போதைய இலக்கு. கணக்கில் வடிவியல் வரைதலும் வரைபடமும் 8, 8 என்று 16 மதிப்பெண். கையால் பழகினாலே வரும், அங்கிருந்து தொடங்கட்டும். மார்ச்சில் ஒரு பாடம் போனாலும் அடுத்தே துணைத் தேர்வு உண்டு. பள்ளி வழி முழுவதும் அடைபட்டால் தனித்தேர்வராக எழுதலாம். பதினான்கரை வயது நிறைந்திருந்தால் போதும், ஆனால் அறிவியல் செய்முறைப் பயிற்சிக்குத் தனியாகப் பெயர் பதிய வேண்டும். அதைத் தவறவிட்டு ஓர் ஆண்டை இழப்பவர்கள் நிறைய. வேலைதான் அவனுக்குப் பிடிக்கும் என்றால் பத்தாவது முடித்ததும் ஐ.டி.ஐ. இருக்கிறது.

மகளின் வரனைப் பற்றி. மகனை ஒளித்துவைத்துக் கட்டிக் கொடுக்கும் பெண், அந்த ரகசியத்தையும் புகுந்த வீட்டுக்குச் சுமந்துகொண்டு போவாள். என்றைக்காவது தெரியத்தான் போகிறது, அன்றைக்குக் கேள்விக்கு ஆளாவது அவள். வருகிறவர்கள் வரும்போது தம்பி பள்ளிச் சீருடையில் வீட்டுக்குள் நுழையட்டும். 'பத்தாவது படிக்கிறான்' என்று சொல்லுங்கள், அது உண்மையாக இருக்கட்டும். கல்யாணத்தில் மாப்பிள்ளைக்கு மச்சான் மோதிரம் போட அவன் வேண்டாமா? வேலைக்குப் போகும் காலத்தில் இந்த வழக்கு குறுக்கே நிற்குமோ என்ற பயமும் வேண்டாம். இப்படிப்பட்ட வழக்கில் குழுமம் குற்றம் என்றே முடிவு செய்தாலும் அதனால் எந்தத் தகுதியிழப்பும் வராது, உரிய காலம் கழிந்ததும் பதிவுகளை அழிக்கச் சொல்கிறது 24-ஆம் பிரிவு.

போட்டு ஒரு வாரம்தான் ஆகிறது என்கிறீர்கள். பழைய பேப்பர் கடைக்காரர்கள் லாரி நிறையும்வரை சாக்கை அனுப்புவதில்லை. இன்று மாலையே போய்க் கேளுங்கள், கூட அவனையும் கூட்டிக்கொண்டு. ரெக்கார்டு நோட்டு எந்த நிற அட்டை போட்டது என்று அவனுக்குத்தான் தெரியும்.