பழைய பாட்டிலுக்குப் புதுத் தேதி

கேள்வி: நான்கு வருடமாக வீட்டிலேயே ஊறுகாய் போட்டு வாட்ஸ்அப்பில் விற்கிறேன். என் ஆவக்காய்க்கு நல்ல பெயர். போன மாதம் வாங்கிய ஒருவர், திறந்த அன்றே மேலே பூசணம் இருந்ததாகப் படம் அனுப்பினார். ஈரக் கரண்டி போட்டிருப்பீர்கள் என்று சொல்லிவிட்டேன். அவர் குடியிருப்புக் குழுவில் எழுதிவிட்டார், ஆர்டர் பாதியாகிவிட்டது. வீட்டில் எல்லோரும் உழைக்கிறோம். ஏழாவது படிக்கும் மகள்கூடப் பள்ளி விட்டு வந்ததும், சித்திரையில் போட்டு மிஞ்சிய பாட்டில்களை வெந்நீரில் ஊறவைத்து, தேதியை எடுத்துவிட்டுப் புது ஸ்டிக்கர் ஒட்டித் தருகிறாள். போன பெயரை எப்படி மீட்பது?

பதில்: பெயர் இருக்கட்டும். மகள் செய்யும் வேலையைப் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, எனக்கு அதற்கு மேல் படிக்க ஓடவில்லை.

பழைய ஸ்டிக்கர் லேசில் வராது. ஊறிய காகிதத்தை நகத்தால் சுரண்ட வேண்டும், பசையைத் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைக்க வேண்டும். அவ்வளவு நேரமும் அந்தப் பெண் என்ன நினைத்துக்கொண்டிருப்பாள்? ஏழாவது படிக்கிறவளுக்குத் தேதி தெரியாதா? சித்திரையில் போட்டதை ஐப்பசியில் போட்டதாக ஒட்டச் சொல்கிறாள் அம்மா. ‘ஏம்மா?’ என்று அவள் ஒரு நாள்கூடக் கேட்கவில்லை என்றால், எனக்குப் பூசணத்தைவிட அதுதான் பயமாக இருக்கிறது. பிள்ளைக்கு வீட்டு வேலை பழக்குங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. இது வேலை இல்லை, களவு.

இன்னொன்று. மாங்காயை ஈரம் போகத் துடைத்து, வெயிலில் காய்ந்த ஜாடியில், எண்ணெய் மேலே நிற்கப் போடுகிறவர் நீங்கள். அதே ஊறுகாயை பாட்டிலோடு தண்ணீரில் முக்கினால் மூடி வழியாக ஒரு சொட்டு இறங்காதா? ஈரக் கரண்டி அவர் வீட்டில்தான் இருந்தது என்று எப்படி அடித்துச் சொன்னீர்கள்? இதைப் படித்துவிட்டுப் பெண் மேல் பாயாதீர்கள். அவளை உட்காரவைத்தது நீங்கள்.

இன்று சாயங்காலமே அவரைக் கூப்பிட்டுப் பணத்தைத் திருப்பிக் கொடுங்கள். ‘தேதி மாற்றி ஒட்டியிருந்தேன்’ என்று அதே குழுவில் நீங்களே எழுதுங்கள். சுற்றி வளைக்க வேண்டாம். மாற்றி ஒட்டிய பாட்டில் வேறு யார் வீட்டில் இருந்தாலும் திரும்ப வாங்கிக் கொட்டிவிடுங்கள். மேலாக வழித்துவிட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். பூசணத்தின் இழை உள்ளேயும் போயிருக்கும். சட்டமும் சும்மா இல்லை. பொய்யான லேபிளோடு உணவு விற்றால் 3 லட்சம் ரூபாய் வரை அபராதம் போட 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் இடமிருக்கிறது. உணவு விற்பதற்கான பதிவு எண் வாங்கியிருக்கிறீர்களா என்றுகூட நீங்கள் எழுதவில்லை. இல்லையென்றால் முதலில் அதை வாங்குங்கள், அதுவரை விற்காதீர்கள்.

போன் பேசும்போது மகளைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அம்மா மன்னிப்புக் கேட்பதை அவள் காதால் கேட்கட்டும். போன ஆர்டரில் சிலது திரும்பும், சிலது திரும்பாது. நாளைக்குப் பள்ளி விட்டு வந்ததும் அவள் வீட்டுப்பாடம் எழுதட்டும்.