விருப்ப வரிசையில் எதை முதலில் எழுதுவது? பள்ளிச் சேர்க்கை: கேள்வி பதில்

கேள்வி: விண்ணப்பத்தில் நான்கு பள்ளிகளை விருப்ப வரிசையில் எழுதச் சொல்கிறார்கள். எங்களுக்குப் பிடித்த பள்ளியில் போட்டி கடுமை. அதை முதலில் எழுதினால் அதுவும் கிடைக்காது, வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் பள்ளியும் கைவிட்டுப் போகும் என்கிறார்கள். உண்மையா?

இடம் ஒதுக்கும் முறையைப் பொறுத்தது. புழக்கத்தில் இரண்டு முறைகள் உண்டு.

முதல் முறையில், ஒவ்வொரு பள்ளியும் தன்னை முதல் விருப்பமாக எழுதியவர்களை மட்டுமே முதல் சுற்றில் பார்க்கும். அவர்களுக்குக் கொடுத்த இடம் முடிந்த முடிவு. அருகில் வசிப்பவருக்கு முன்னுரிமை என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் பக்கத்துப் பள்ளியிலிருந்து 300 மீட்டரில் இருக்கிறீர்கள், ஆனால் 3 கிலோமீட்டர் தள்ளியுள்ள பள்ளியை முதலில் எழுதிவிட்டீர்கள் என்று வையுங்கள். அங்கே 2 கிலோமீட்டரோடு இடம் தீர்ந்துவிட்டது. இரண்டாம் சுற்றில் பக்கத்துப் பள்ளிக்கு வருகிறீர்கள். 1 கிலோமீட்டரில் இருப்பவர் அதை முதலாவதாக எழுதி இடத்தை எடுத்துவிட்டார். உங்களுக்குத்தான் முன்னுரிமை என்றாலும் இடம் போனது போனதுதான். இந்த முறை நடக்கும் இடத்தில் பயமுறுத்துகிறவர்கள் சொல்வது சரி. மனசுக்குப் பிடித்ததை எழுதுவது ஆபத்து.

இரண்டாம் முறையில் எந்த இடமும் கடைசிவரை தற்காலிகம்தான். முதல் பள்ளி உங்களைத் தள்ளியதும் பெயர் பக்கத்துப் பள்ளிக்குப் போகும். 300 மீட்டர் என்பதால் 1 கிலோமீட்டர்காரர் வெளியேற்றப்பட்டு அவருடைய அடுத்த விருப்பத்துக்குப் போவார். யாரையும் தள்ளத் தேவையில்லாத நிலை வரும்வரை இது ஓடும். 1962-இல் டேவிட் கேல், லாயிட் ஷாப்லி என்ற கணிதவியலாளர்கள் இருவரும் எழுதிய கட்டுரையில் இருக்கும் கணக்கு இது. நியூயார்க் 2003-இல் தன் உயர்நிலைப் பள்ளிகளுக்கு இந்த வழிக்கு மாறியது. முந்தைய ஆண்டில், தாங்கள் எழுதாத பள்ளிக்கு அனுப்பப்பட்டவர்கள் சுமார் 30,000 பேர். மாறிய முதல் ஆண்டில் அது 3,000 அளவுக்கு இறங்கியது. பாஸ்டன் 2005-இல் முதல் முறையைக் கைவிட்டது. இங்கிலாந்தில் 2007-இன் சேர்க்கை விதித்தொகுப்பு அதைத் தடையே செய்தது.

விதிப் புத்தகத்தில் ‘முதல் விருப்பமாகக் குறித்தவர்களுக்கு முன்னுரிமை’ என்ற வாசகம் இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் விண்ணப்பத்தின் முதல் கட்டத்தில், கிடைக்கக்கூடிய பள்ளியை எழுதுவதே புத்திசாலித்தனம். ‘எல்லா விருப்பங்களும் சமமாகக் கருதப்படும்’ என்றிருந்தால் உண்மையிலேயே பிடித்த வரிசையில் எழுதுங்கள். அதனால் நஷ்டமே வராது.

ஒரு எச்சரிக்கை. நான்கு கட்டங்கள்தான் என்றால் நான்கிலும் போட்டிப் பள்ளிகளை நிரப்பாதீர்கள். கடந்த மூன்று ஆண்டுகளில் கடைசியாக இடம் பெற்ற பிள்ளையின் தூரத்தைக் கேட்டு வாங்கி, மூன்று ஆண்டும் உங்கள் வீடு அதற்குள் விழுந்திருக்கும் பள்ளி ஒன்றாவது இருக்கட்டும். ஒரே ஆண்டின் தூரத்தை நம்ப வேண்டாம். அண்ணன், அக்கா ஏற்கெனவே படிக்கிறார்கள் என்பதால் முன்னுரிமை பெறும் பிள்ளைகளின் எண்ணிக்கை ஆண்டுக்கு ஆண்டு மாறும், தூரமும் அதோடு சுருங்கி விரியும். ஒரே பள்ளியை நான்கு முறை எழுதினால் கருணை கிடைக்கும் என்பது வெறும் நம்பிக்கை. மூன்று கட்டங்கள் வீணாகும், அவ்வளவுதான்.

கேள்வி: தூரம் பார்ப்பதைவிடக் குலுக்கல்தான் நியாயம் என்கிறார் நண்பர். குலுக்கலில் தில்லுமுல்லு நடக்காதா?

தூரம் பார்த்தால் நல்ல பள்ளியைச் சுற்றி வாடகை ஏறும். வசதியுள்ளவர்கள் இடத்தை வீட்டோடு சேர்த்து வாங்குகிறார்கள். அந்த வகையில் நண்பர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. குலுக்கலுக்கும் விலை உண்டு: எதிர்வீட்டுப் பிள்ளைகள் வெவ்வேறு திசையில் பயணம் செய்வார்கள். எல்லை வகுத்து, அந்த எல்லைக்குள் மட்டும் குலுக்குவது நடுவழி. இங்கிலாந்தின் பிரைட்டன் நகரம் 2008 சேர்க்கையிலிருந்து அப்படித்தான் செய்தது.

நேர்மையாக நடக்கிறதா என்று பார்க்க மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். குலுக்கலுக்கு முன்பே விண்ணப்ப எண்களின் பட்டியல் வெளியாகி மூடப்பட வேண்டும். அதன்பிறகு ஓர் எண்கூட ஏறக்கூடாது. இடங்களின் எண்ணிக்கை முன்கூட்டியே அறிவிக்கப்பட வேண்டும். மூன்றாவதைத்தான் பலரும் கேட்பதில்லை: 60 இடம் என்றால் 60 பேரோடு நிறுத்தாமல், கடைசி விண்ணப்பம்வரை அதே அமர்வில் வரிசைப்படுத்த வேண்டும். இல்லாவிட்டால் பின்னால் காலியாகும் இடங்கள் யாருக்குப் போகின்றன என்பது இருட்டில் நடக்கும். இரட்டையரை ஒரே எண்ணாகக் கருதுவதா, இரண்டாகவா என்பதையும் எழுத்தில் கேளுங்கள்.

பள்ளிக்குப் பள்ளி தனிக் குலுக்கலா, எல்லாவற்றுக்கும் ஒரே எண்ணா என்பதும் முக்கியம். ஆம்ஸ்டர்டாம் 2015-இல் தனித்தனியாகக் குலுக்கியது. ‘என் பிள்ளைக்குக் கிடைத்தது உனக்குப் பிடித்த பள்ளி, உனக்குக் கிடைத்தது எனக்குப் பிடித்தது’ என்று பெற்றோர்கள் கண்டுபிடித்து, மாற்றிக்கொள்ள அனுமதி கேட்டு நீதிமன்றம் போனார்கள். அனுமதி கிடைக்கவில்லை. மறு ஆண்டே நகரம் ஒரே எண்ணுக்கு மாறியது. ஒரே எண்ணில் முதல் விருப்பம் கிடைப்பவர்கள் அதிகம்; ஆனால் மோசமான எண் விழுந்த பிள்ளைக்கு எல்லாப் பள்ளியிலும் மோசம்தான்.

கேள்வி: காத்திருப்போர் பட்டியலில் 4-ஆம் இடத்தில் இருந்தோம். இப்போது 7 என்கிறார்கள். யாரோ பணம் கொடுத்து நுழைந்துவிட்டார்களா?

அப்படி இருக்க வேண்டும் என்பதில்லை. பட்டியல் விண்ணப்பித்த தேதிப்படி இல்லாமல் முன்னுரிமைப்படி அமைந்திருந்தால், உங்களைவிட அருகில் குடிவந்த குடும்பம் நேற்று விண்ணப்பித்தாலும் மேலே போகும். அந்த மூவரும் எந்த முன்னுரிமைப் பிரிவில் வந்தார்கள் என்று கேளுங்கள். பெயர் தரமாட்டார்கள், பிரிவைச் சொல்லலாம். பட்டியல் எந்தத் தேதிவரை செல்லும் என்பதையும் கேட்டுவையுங்கள்.

கேள்வி: பிறந்த குழந்தைகளின் எண்ணிக்கை ஐந்து ஆண்டு முன்பே தெரியும். பிறகு ஏன் சேர்க்கையின்போது மட்டும் ‘இடமில்லை’ என்கிறார்கள்?

பிறப்புக் கணக்கு பாதிதான். ஒரு பகுதியில் 1,000 குழந்தைகள் பிறந்தன, வழக்கமாக 100-க்கு 88 பேர் அங்குள்ள பள்ளிகளில் சேர்வார்கள் என்றால் 880 பேர் வருவார்கள். வகுப்புக்கு 30 வீதம் 30 பிரிவுகள், 900 இடங்கள். 20 இடம் மிச்சம். புதிய அடுக்குமாடிகள் வந்தோ, தனியார் பள்ளி ஒன்று மூடியோ அந்த 88 என்பது 95 ஆனால் வருகிறவர்கள் 950. 50 பிள்ளைகளுக்கு இடமில்லை. பிறப்புக் கணக்கு துளியும் பிசகவில்லை, பிசகியது விகிதம். இன்னொன்று, நகர மொத்தத்தில் மிச்சம் தெரியும், ஆனால் அந்த மிச்சம் ஐந்து வயதுப் பிள்ளை போக முடியாத மூலையில் கிடக்கும். அதிகாரிகள் மொத்தக் கணக்கைக் காட்டினால் பகுதிவாரியாகக் கேளுங்கள்.

தீர்வாக இரண்டு சொல்வார்கள், குழப்பிக்கொள்ள வேண்டாம். ஓராண்டுக்கு மட்டும் கூடுதல் பிரிவு என்றால் ஒரே ஓர் அறை போதும். பிள்ளைகள் வகுப்பு ஏற ஏற அது அவர்களோடு நகரும். நிரந்தரமாக ஒரு பிரிவு கூட்டுவதென்றால் ஆண்டுக்கு ஓர் அறை வீதம், ஐந்து வகுப்புள்ள பள்ளிக்கு ஐந்து அறைகள் தேவை. கழிப்பறை, விளையாட்டிடம் தனி. முதல் வழி மலிவு, ஆனால் அதற்குள் ஒரு கண்ணி இருக்கிறது. கூடுதலாகச் சேர்ந்த 30 பேரின் தம்பி தங்கைகள் அடுத்த ஆண்டுகளில் முன்னுரிமையோடு வருவார்கள். பிரிவோ பழைய எண்ணிக்கைக்குத் திரும்பியிருக்கும். பள்ளிக்கு எதிரிலேயே இருக்கும் குடும்பத்தின் முதல் பிள்ளைக்கு அப்போது இடம் கிடைக்காது.

கேள்வி: மழலைக்கு நேர்காணல், பெற்றோரின் படிப்பு விவரம் எல்லாம் கேட்கலாமா?

இந்தியாவில் பொதுவாகக் கேட்கக்கூடாது. 2009-இன் கல்வி உரிமைச் சட்டம், பிரிவு 13, பிள்ளையையோ பெற்றோரையோ வடிகட்டும் எந்தத் தேர்வையும் தடுக்கிறது. முதல் முறை மீறினால் 25,000 ரூபாய் வரையும் அடுத்தடுத்த மீறல்களுக்கு ஒவ்வொன்றுக்கும் 50,000 வரையும் அபராதம். நன்கொடை வாங்கினால் வாங்கியதைப்போல் 10 மடங்கு வரை. ‘சும்மா பேசிப் பார்க்கிறோம்’ என்று அழைத்தால், அதில் மதிப்பெண் உண்டா என்று மின்னஞ்சலில் கேளுங்கள், பதிலே சான்றாகும்.

கேள்வி: இடம் மறுக்கப்பட்டது. மேல்முறையீட்டில் என்ன எழுதுவது?

அந்தப் பள்ளி எவ்வளவு சிறந்தது என்று எழுதாதீர்கள். எல்லோரும் அதைத்தான் எழுதுகிறார்கள். விதியை உங்கள் விஷயத்தில் தவறாகப் பயன்படுத்தினார்களா என்று முதலில் பாருங்கள்: தூரத்தை எந்த வாசலிலிருந்து அளந்தார்கள், நேர்கோட்டிலா நடைபாதை வழியிலா, உடன்பிறந்தவர் படிப்பது பதிவானதா. தவறு இருந்தால் அளவையும் விதியின் எண்ணையும் அருகருகே எழுதுங்கள். தவறு இல்லையென்றால், இந்தப் பிள்ளைக்கு இந்தப் பள்ளிதான் ஏன் என்பதை மருத்துவரோ சிகிச்சையாளரோ எழுதித்தர வேண்டும். ‘ஆஸ்துமா இருக்கிறது’ என்ற சான்று போதாது, வேறு பள்ளி ஏன் ஆகாது என்ற வரி அதில் இருக்க வேண்டும். வகுப்புக்கு 30 பேர் என்று சட்டமே வரம்பு போட்டிருக்கும் இடங்களில், உதாரணமாக இங்கிலாந்தின் தொடக்க வகுப்புகளில், பெரும்பாலும் தவறை நிரூபித்தவர்களே ஜெயிக்கிறார்கள். மேல்முறையீடு முடியும்வரை கிடைத்த இடத்தை மறுத்துவிடாதீர்கள். அதை ஏற்றுக்கொள்வதால் வழக்கு பலவீனமாகாது. மறுத்தால் இரண்டு பள்ளியும் இல்லாமல் நிற்க நேரிடும்.