காதல் பாட்டெல்லாம் ஏன் ஒரே மாதிரி கேக்குது, அதுக்குன்னு ஃபார்முலா ஏதும் இருக்கா?

கீபோர்டு வாங்கி நாலஞ்சு மாசம் ஆயிருக்கும் உங்களுக்கு, அப்பம்தான் இந்த சந்தேகம் வரும். ஆமா, ஃபார்முலா உண்டு. சி, ஏ மைனர், எஃப், ஜி, இந்த நாலு கார்டை, அதாவது ஒண்ணா சேத்து அமுக்குற சுரக் கூட்டை, வச்சே 1950கள்ல எக்கச்சக்க இங்கிலீஷ் காதல் பாட்டு வந்தாச்சு. மெதுவான பாட்டுன்னா வேகம் பெரும்பாலும் நிமிஷத்துக்கு 60லேர்ந்து 80 பீட்டுக்குள்ள நிக்கும்.

ஆனா ஆளை உருக வைக்கது அடக்கி வாசிக்கதுதான். ட்ரம்ஸ் லேட்டா வரணும், வயலின் ரெண்டாவது சுற்றுல பைய உள்ள வரணும், கடைசியில சுருதியை ஒரு கட்டை, அதாவது ஒரு படி, தூக்கணும். விட்னி ஹூஸ்டன் 1992ல பாடின 'ஐ வில் ஆல்வேஸ் லவ் யூ' கேளுங்க, தொடக்கத்துல ஒரு வாத்தியமும் கெடையாது, வெறும் குரல், பொறவு கடைசியில ட்ரம்ஸ்ல ஒரே ஒரு அடி, சுருதி ஏறிரும். டாலி பார்ட்டன் எழுதிப் பாடி 1974ல வெளிவந்த அதே பாட்டு இவ்வளவு ஆர்ப்பாட்டம் இல்லாம சாதுவா போவும்.

அந்த ஒரு கட்டைலதான் எனக்க மானம் போச்சு. தக்கலை பக்கம் ஒரு கல்யாண வரவேற்பு, கச்சேரியில நான்தான் கீபோர்டு, மாப்பிள்ளைக்க கூட்டுக்காரங்க இங்கிலீஷ் பாட்டு கேட்டாங்க. ஒரு கட்டைலேர்ந்து ரெண்டு கட்டைக்கு சுருதி ஏத்த டிரான்ஸ்போஸ் பட்டனை, அதாவது ஒரு அமுக்குக்கு அரைக் கட்டை ஏத்துற பட்டனை, ரெண்டு தடவை அமுக்கணும், விரல்ல நேந்திரங்காய் சிப்ஸ் எண்ணெய், ஒரு தடவைதான் விழுந்துச்சு. கிட்டார் அண்ணன் ஒழுங்கா ரெண்டு கட்டைக்கு போயாச்சு, நான் ஒண்ணரையில நிக்கேன், பாடுன பிள்ளை ரெண்டுக்கும் நடுவுல கெடந்து முழிக்கி. முன்வரிசை மாமா ஒருத்தர் "என்னடே, கரண்டு போச்சா?"ன்னு கேட்டாரு.

பட்டன் அமுக்குறவன்லாம் கலைஞனான்னு கமெண்டுல வருவீங்க, தெரியும். நானும் சர்ச் கொயர்ல எட்டு வருசம் பட்டன் தொடாம வாசிச்சவன்தான். ஒரு ராத்திரிக்கு முப்பது பாட்டு, ரிகர்சல் கெடையாது, பாடுறவங்க ஆளுக்கொரு சுருதி, நீங்க வந்து வாசிச்சுப் பாருங்க. இதுல பந்தியில எப்பவும் எங்களுக்கு கடைசி இடம், போளியும் பால் பாயசமும் மணம் மட்டும் மேடைக்கு வரும், நாங்க போய் இருக்கும்போ ரசமும் மோரும்தான் மிச்சம், அதையும் விளம்ப ஆள் இருக்காது.

சரி, உங்க விசயத்துக்கு வாறேன். இப்போதைக்கு அந்த நாலு கார்டுலயே இருங்க, ட்ரம்ஸ் போடாம பாட்டை முழுசா ஒருக்கா வாசிச்சுப் பாருங்க. பட்டனை மட்டும் தொடாண்டாம்.