ஆப்ஜெக்டா, ஃபங்ஷனா?

வணக்கம் சார்,

ஜவுளிக் கடைகளுக்கு பில்லிங் சாஃப்ட்வேர் செய்து கொடுக்கும் சின்ன கம்பெனியில் வேலை பார்க்கிறேன். எல்லாமே ஜாவா. புதிதாக வந்த டீம் லீட், "ஆப்ஜெக்ட் ஓரியன்டட் காலமெல்லாம் முடிந்துவிட்டது, மொத்தத்தையும் ஸ்காலா மொழியில் ஃபங்ஷனலாகத் திருப்பி எழுதலாம்" என்கிறார். பழைய ஆட்களோ, "அதெல்லாம் காலேஜ் சரக்கு, ப்ரொடக்‌ஷனுக்கு ஆகாது" என்கிறார்கள். தினமும் டீ நேரத்தில் இதே சண்டை. நான் எந்தப் பக்கம் நிற்பது?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

டேட்டாவையும் அதைக் கையாளும் கோடையும் 'க்ளாஸ்' என்ற ஒரே அச்சில் சேர்த்து வைப்பது ஆப்ஜெக்ட் பாணி. டேட்டாவைத் தனியாக வைத்து, அதன் மேல் கணக்குப் போடும் ஃபங்ஷன்களைத் தனியாக எழுதுவது ஃபங்ஷனல் பாணி. பழைய ஆட்களின் வாதத்தை முதலில் முடித்துவிடலாம். எரிக்ஸன் கம்பெனியில் 1986இல் டெலிபோன் எக்ஸ்சேஞ்சுகளுக்காகத் தொடங்கிய எர்லாங், ஃபங்ஷனல் மொழிதான். வாட்ஸ்அப்பின் சர்வர் அதில் எழுதியது. உங்கள் ஆபீஸ் சண்டையின் பாதி வாட்ஸ்அப் குரூப்பில்தான் நடக்கும் என்று நினைக்கிறேன்.

லீட் சொல்வதை அவ்வளவு சுலபமாகத் தள்ள முடியாது. 2016இல் யுபிஐ வந்ததே, அதை எடுத்துக்கொள்ளுங்கள். ரொக்கம், கார்டு, செக் என்று ஆளுக்கொரு க்ளாஸ் இருந்த இடத்தில் இன்னொரு க்ளாஸ் எழுதினால் போதும், பழைய கோடில் கை வைக்க வேண்டாம். ஆப்ஜெக்ட்காரர்களுக்குக் கொண்டாட்டம். 2017 ஜூலை 1இல் ஜிஎஸ்டி வந்தது. விற்பனை பில், கிரெடிட் நோட், டெபிட் நோட் என்று ஒவ்வொன்றும் விற்பனை விவரம் காட்டும் ஜிஎஸ்டிஆர்-1 ரிட்டர்னில் எப்படிப் போக வேண்டும் என்று புதிதாக ஒரு கணக்கு. க்ளாஸ்களாகப் பிரித்து வைத்தவர் ஒவ்வொன்றாகத் திறந்து மெத்தட் (க்ளாஸுக்குள் இருக்கும் ஃபங்ஷன்) சேர்த்தாக வேண்டும். ஃபங்ஷனல்காரர் ஒரே ஒரு ஃபங்ஷன் எழுதி எல்லா வகையையும் அதற்குள்ளேயே பார்த்துவிடுவார். ஆனால் யுபிஐ வந்த அன்று, பேமெண்டைத் தொடும் ஃபங்ஷன் அத்தனையையும் அவர் திறக்க வேண்டியிருந்திருக்கும்.

இந்த இழுபறிக்கு 1998இல் ஃபிலிப் வாட்லர் 'எக்ஸ்பிரஷன் ப்ராப்ளம்' என்று பெயர் வைத்தார். ஹாஸ்கெல் என்ற ஃபங்ஷனல் மொழியை உருவாக்கியவர்களில் ஒருவர். ஒரே கோடைப் பல வகை டேட்டாவுக்கும் பொதுவாக எழுத உதவும் ஜெனரிக்ஸ் ஜாவாவுக்கு வந்ததிலும் அவர் கை உண்டு. இரண்டு கட்சிக்கும் உழைத்த மனிதர்!

புது வகைகள் அதிகம் சேர்கின்றனவா, இருக்கிற வகைகளின் மேல் புதுக் கணக்குகள் சேர்கின்றனவா என்று உங்கள் சாஃப்ட்வேரைப் பாருங்கள். பில்லிங்கில் வரி, தள்ளுபடி, ரிப்போர்ட் என்று கணக்குதான் கூடிக்கொண்டே போகும். அந்த மட்டில் நான் லீட் பக்கம்.

உருவாக்கிய மதிப்பை அப்புறம் மாற்றாதே என்கிற ஃபங்ஷனல் பழக்கம் இருக்கிறதே, அதில் முழுக்கவே அவர் பக்கம். பழைய ஜாவா கோடில் எங்கேயாவது தேதியை எழுத்தாக மாற்றும் ஒரு சிம்பிள்டேட்ஃபார்மட் 'ஸ்டாடிக் ஃபைனல்' என்று, அதாவது எல்லோருக்கும் பொதுவாக ஒன்றே ஒன்றாக, கிடக்கும். அது உள்ளுக்குள் ஒரு காலண்டரை வைத்துக்கொண்டு, வருகிற ஒவ்வொரு தேதியையும் அதிலேயே அழித்து எழுதும். தீபாவளிக் கூட்டத்தில் இரண்டு கவுன்டரின் ரிக்வெஸ்ட் ஒரே சமயத்தில் நுழைந்தால், ஒருவர் தேதி இன்னொருவர் பில்லில் போய் உட்காரும். பல நேரம் எரர்கூட வராது. டெஸ்டிங்கில் ஒற்றை ஆள் பில் போட்டுப் பார்த்தால் ஜென்மத்துக்கும் பிடிபடாது. ஃபைனல் என்று போட்டும் பயனில்லை. அந்தப் பெயர் வேறு ஆப்ஜெக்டுக்குப் போகாது, அவ்வளவுதான். உள்ளே காலண்டர் மாறிக்கொண்டேதான் இருக்கும். அதே வேலைக்கு 2014இல் ஜாவா 8 கொண்டுவந்த டேட்டைம்ஃபார்மேட்டர் மாறவே மாறாது. எத்தனை த்ரெட் (ஒரே சமயத்தில் ஓடும் வேலை) வேண்டுமானாலும் பகிர்ந்துகொள்ளலாம்.

இதற்கு ஸ்காலா எதற்கு? பெயரில்லாத குட்டி ஃபங்ஷனான லாம்ப்டா ஜாவா 8லேயே வந்தாயிற்று. உருவாக்கிய மதிப்பை மாற்ற விடாத ரெக்கார்ட் 16இல், இன்னின்ன வகைகள்தான் என்று பூட்டிவைக்கும் சீல்டு க்ளாஸ் 17இல், வகை பார்த்துப் பிரிக்கும் ஸ்விட்ச் 21இல். அந்த ஸ்விட்சில் ஒரு வகையை விட்டுவிட்டால் கோடை மொழிபெயர்க்கும் கம்பைலரே கத்தும். மொத்தத்தையும் திருப்பி எழுதுகிற நாட்களில் கடைக்காரர்கள் கேட்கும் மாற்றங்களை யார் செய்வது? நடுவில் லீட் வேறு கம்பெனிக்குத் தாவிவிட்டால்?

வரிக் கணக்கு மாட்யூலை மட்டும் ரெக்கார்டும் சீல்டு க்ளாஸுமாக எழுதிப் பார்க்கலாமா என்று அவரிடமே கேளுங்கள். பேமெண்ட் க்ளாஸ்கள் இருக்கிறபடி இருக்கட்டும். அதற்கு முன்னால் உங்கள் கோடில் சிம்பிள்டேட்ஃபார்மட்டைத் தேடிவிட்டு, ஸ்டாடிக்காக எங்கெங்கே இருக்கிறது என்று எழுதுங்கள்.