பழைய வீதிப் பாலம் ஒன்றை இடிப்பதை நேரில் பார்த்திருக்கிறீர்களா? எப்படி இருந்தது?

பார்த்தேன். மூன்று நாள் தோட்ட வேலையைப் போட்டுவிட்டுப் போய் நின்று பார்த்தேன். படத்தில் வருவதுபோல வெடி வைப்பார்கள், ஒரு நொடியில் புழுதியோடு சாயும் என்று நினைத்துப் போனால் ஏமாற்றம்தான். எலி தேங்காயைக் கொறிப்பதுபோலத்தான் வேலை நடந்தது.

முல்லைத்தீவுப் பக்கம் போகும் பிரதான வீதியில் இருந்த ஒற்றை வழிப் பாலம் அது. எதிரே பஸ் வந்தால் இந்தக் கரையில் ஒதுங்கி நிற்க வேண்டும். வன்னியில் இந்த வேலைக்கு ஆவணி, புரட்டாதிதான் தோது. மாரி தொடங்கிக் குளங்கள் வான் பாய்ந்துவிட்டால் ஆற்றுக்குள் இயந்திரம் இறக்க முடியாது. பக்கத்தில் ஹியூம் குழாய்களைப் போட்டு, மேலே கிரவல் கொட்டி, தற்காலிகப் பாதை ஒன்றைத் திறந்துவிட்டுத்தான் பாலத்தில் கை வைத்தார்கள்.

முதலில் கைபிடிச் சுவர், பிறகு தார். அதற்குப் பிறகு பெக்கோ என்ற மண் அள்ளும் இயந்திரத்தின் வாளியைக் கழற்றி, பெரிய உளிபோல ஒன்றைப் பூட்டித் தட்டைக் குத்தத் தொடங்கினார்கள். அந்தச் சத்தம் இரண்டு நாள் காதுக்குள்ளேயே கிடந்தது. கொங்கிறீற்று கட்டி கட்டியாக விழ, கம்பிகள் மட்டும் வலைபோலத் தொங்கின. அதைக் காஸால் வெட்டி எடுத்தார்கள். துண்டொன்றைக் கையில் எடுத்துப் பார்த்தேன். பெருவிரல் மொத்தக் கம்பி, பிசைந்தால் அப்பளம் மாதிரி உதிர்ந்தது. துரு, இரும்பைவிடக் கூடுதலான இடம் பிடிக்கும். அதனால் கொங்கிறீற்றை உள்ளே இருந்தே பிளந்துவிடும். ஷெல் பட்டுச் சிதறிய மூலைகூடப் பரவாயில்லை, மழைநீர் இறங்கிய இடம்தான் அதைவிட மோசமாகப் போயிருந்தது.

மூன்றாம் நாள் அப்பாவும் வந்தார். வந்தவர் பாலத்தைப் பார்க்கவே இல்லை, வீதி பாலத்தில் ஏறும் தலைப்பையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“உதுக்கை எங்கடை பனங்குத்தி கிடக்கும், தம்பி.”

1990களில் ஒரு மாரிக்கு, கரைச்சுவருக்குப் பின்னால் இருந்த மண்ணை வெள்ளம் அள்ளிக்கொண்டு போய்விட்டதாம். வன்னிக்குள் சீமெந்து வரத் தடை. மோட்டார் சைக்கிள்களே மண்ணெண்ணெயில் ஓடிய காலம். ஊர்ச் சனம் பனங்குற்றிகளைக் குறுக்கே அடுக்கி, மண்மூடை வைத்து, கிரவல் போட்டு நிரப்பியிருக்கிறது. போர் முடிந்து வந்தவர்கள் கிண்டிப் பார்க்காமல் அதற்கு மேலேயே தார் ஊற்றிவிட்டுப் போயிருக்கிறார்கள். பஸ் அந்த இடத்தில் எப்போதும் ஒரு துள்ளுத் துள்ளும். காரணம் அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது.

பத்து மணிபோல வாளி அந்தக் குற்றியைத் தூக்கியது. நடுப்பகுதி மட்டும் உக்கியிருந்தது, வெளி வைரம் கறுத்துக் கல்லாகக் கிடந்தது. அப்பா கிட்டப் போய்த் தடவிப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. பெக்கோ ஓட்டிய தம்பியிடம் கேட்டு, ஒரு துண்டை லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டோம்.

இதே மாவட்டத்தில் வட்டுவாகல் பாலமும் இருக்கிறது, நந்திக்கடல் களப்பு கடலோடு சேரும் இடத்தில். 2009 மே மாதம், போரின் கடைசி நாட்களில், சனம் அதைக் கடந்துதான் வந்தது. அதற்குப் பதிலாகப் புதுப் பாலம் கட்டும் வேலை 2025 இல் தொடங்கியது. பழையதை இடிப்பார்களோ விடுவார்களோ, அதைப் போய் நின்று பார்க்க எனக்கு மனம் வராது. எங்கள் பாலத்தை வேடிக்கை பார்த்ததுபோல அதைப் பார்க்க முடியாது.

சரி, எங்கள் பாலத்துக்கு வருகிறேன். இப்போது இரண்டு வழி, அகலமாக நன்றாகத்தான் கட்டியிருக்கிறார்கள். ஆனால் பாலம் அத்திவாரத்தில் அசையாமல் நிற்கும், தலைப்பில் கொட்டிய புது மண்ணோ மெல்ல மெல்ல அமரும். ஒரு மாரி போனதும் பஸ் பழையபடி அதே இடத்தில் துள்ளியது. முன் இருக்கையில் இருந்த அப்பா திரும்பி என்னைப் பார்த்தார்.

“குத்தி போட்டிருக்கலாம்.”