4294967297: முதன்மை எண்ணா, இல்லையா?

4294967297 முதன்மை எண் அன்று. அது 641 × 6700417 எனப் பிரிகிறது.

நல்லூரில் ‘இணைந்த கணிதம்’ பாட வகுப்பில் தந்த இந்த எண்ணை, 500 வரையுள்ள முதன்மை எண்கள் அனைத்தாலும் வகுத்தும் மீதி வந்துகொண்டே இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். உங்கள் வகுத்தல் சரியாகவே இருக்கும். 500இல் நிறுத்தியதுதான் காரணமாக இருக்க வேண்டும், ஏனெனில் வர்க்கமூலம் 65536ஐச் சற்றே தாண்டுவதால் அதுவரை தேட வேண்டியிருக்கிறது.

அவ்வளவு பாடுபடத் தேவையில்லை. இது 2³² + 1 என்பதால், இதன் முதன்மைக் காரணி எதுவானாலும் 128ஆல் வகுக்க 1 மீதியாகும். 129, 385, 513 ஆகியவை சேர்த்தி எண்கள் (முதன்மை அல்லாதவை), 257ஆல் வகுத்தால் மீதி வரும், அடுத்தது 641. கணிதவியலர் பெர்மா முதன்மை எனக் கருதிய இவ்வெண்ணை, பின்வந்த கணிதவியலர் ஆய்லர் 1732இல் காரணிகளாகப் பிரித்தார்.

கணிப்பான் இல்லாமலே இதைச் சோதிக்கலாம் என்பது எனக்கு மிகவும் பிடித்த பகுதி:

1. 641 = 5 × 2⁷ + 1. ஆகவே 641ஆல் வகுக்கும்போது 5 × 2⁷ ஆனது −1க்குச் சமானம் (இரண்டின் வித்தியாசம் 641ஆல் மீதியின்றி வகுபடும்). நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் 5⁴ × 2²⁸ ஆனது 1க்குச் சமானம்.
2. 641 = 5⁴ + 2⁴. ஆகவே 5⁴க்குப் பதிலாக −2⁴ஐ இடலாம். −2³² ஆனது 1க்குச் சமானமாகி, 2³² + 1 மீதியின்றி வகுபடுகிறது.

128 விதியை வேறு எண்களுக்குக் கொண்டுபோகாதீர்கள்: அடுத்த ஒற்றை எண்ணான 4294967299, 7ஆலேயே வகுபடும். கணிப்பான் முழு எண்ணைக் காட்டினாலும் அது மட்டந்தட்டிய விடையாக இருக்கக்கூடும் என்பதால், கொப்பியில் ஒருமுறை நீள்பெருக்கல் செய்து பாருங்கள்.