மறுநாளே கைக்கு வரும் பிஓடி ரிப்போர்ட்

கேள்வி: மேலூர் பக்கம் கல்யாண மண்டபம் நடத்துகிறோம். சமையற்கட்டுக் கழிவுநீரைத் தொட்டியில் சுத்தம் செய்து, கண்மாய்க்குப் போகும் வாய்க்காலில் விடுகிறோம். ஆடி மாதம் ஏஜென்ட் ஒருவர் கேனில் தண்ணீர் எடுத்துப்போய் மறுநாளே பிஓடி 24 என்று ரிப்போர்ட் தந்தார். ஆவணியில் ஓர் ஆய்வகத்தார் நேரில் வந்து எடுத்தார்கள், 160 என்கிறார்கள். 'மறுபடி 30-க்குள் வாங்கித் தருகிறேன்' என்கிறார் ஏஜென்ட். எதை நம்புவது?

பதில்: 160-ஐ நம்புங்கள். அந்த 24-ஐ யாரும் அளக்கவே இல்லை.

தண்ணீரில் உள்ள அழுகும் பொருளை நுண்ணுயிர்கள் தின்னும்போது எவ்வளவு ஆக்சிஜனை இழுக்கின்றன என்பதுதான் பிஓடி. லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று சொல்வார்கள். மாதிரியில் நல்ல தண்ணீர் கலந்து பாட்டிலில் காற்றுப் புகாமல் மூடி, இருட்டில் 27 டிகிரியில் மூன்று நாள் வைக்க வேண்டும். முதலில் இருந்த ஆக்சிஜனையும் கடைசியில் மிஞ்சியதையும் வைத்துத்தான் கணக்கு. (வெளிநாட்டுப் புத்தகங்களில் 20 டிகிரி, ஐந்து நாள் என்றிருக்கும். நமக்கு இது.) மூன்று நாள் ஆகும் சோதனைக்கு மறுநாள் எப்படி முடிவு வரும்? ரிப்போர்ட்டில் மாதிரி எடுத்த தேதி, சோதனை தொடங்கிய தேதி, முடிந்த தேதி மூன்றையும் பாருங்கள். இல்லையென்றால் அந்தத் தாளுக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

அப்படியே அளந்திருந்தாலும் ஆடிக் கணக்கு ஆவணிக்கு உதவாது. ஆடியில் முகூர்த்தம் இல்லை, சமையற்கட்டே ஓய்ந்திருக்கும். ஆவணிப் பந்திக்குப் பிறகு அண்டா கழுவிய தண்ணீர் வேறு. பாலின் பிஓடி மட்டுமே லிட்டருக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் மில்லிகிராம். மீந்த பாயசம் ஒரு வாளி சாக்கடையில் போனாலே தொட்டி திணறும்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். மாதிரி எடுக்கும் முன் தொட்டியில் பிளீச்சிங் பவுடரைக் கொட்டச் சொல்லும் ஏஜென்ட்டுகள் உண்டு. குளோரின் நுண்ணுயிர்களைக் கொன்றுவிடும். தின்ன ஆள் இல்லாவிட்டால் ஆக்சிஜன் குறையாது, பிஓடி அழகாகக் குறைந்து வரும். ஆனால் பாயசமும் எண்ணெயும் தண்ணீரில் அப்படியே இருக்கும், கண்மாயில் போய் அழுகும். நியாயமாகவே குளோரின் போடும் இடங்களும் இருக்கின்றன. அங்கே ஆய்வகம் முதலில் குளோரினை முறித்துவிட்டு, புதிதாக நுண்ணுயிர் சேர்த்துத்தான் சோதிக்க வேண்டும். அதற்கு நீங்கள் வாய்திறந்து 'குளோரின் போட்ட தண்ணீர்' என்று சொல்ல வேண்டும். கூடவே சிஓடியும் கேளுங்கள். தண்ணீரில் உள்ள கழிவை நுண்ணுயிருக்குப் பதில் ரசாயனத்தால் சிதைத்து, அதற்கு எவ்வளவு ஆக்சிஜன் வேண்டும் என்று பார்க்கும் சோதனை அது; நுண்ணுயிர் செத்ததால் அது இறங்காது. சமையற்கட்டுத் தண்ணீரில் சிஓடி 400 இருக்கும்போது பிஓடி 24 என்றால் என்னமோ நடந்திருக்கிறது.

பைக்கில் தொங்கும் கேனும் ஏமாற்றும். மதுரை வெயிலில் அரைநாள் கிடந்தால் வழியிலேயே நுண்ணுயிர்கள் தின்னத் தொடங்கிவிடும், எண் இறங்கிவிடும். ஐஸ் பெட்டியில் வைத்து அன்றைக்கே ஆய்வகத்தில் சேர்க்க வேண்டும்.

நீர்நிலைக்கு விடுவதற்குப் பொது வரம்பு 30, நிலத்தில் பாய்ச்ச 100. உங்களுக்கு எது என்பது மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தந்த அனுமதி ஆணையில் இருக்கும். அந்த ஆணையில் எண்ணை மட்டும் அச்சடித்துக் கொடுத்துவிட்டு, மாதிரியை எப்போது, எப்படி எடுப்பது என்று ஒரு பக்கம் தமிழில் எழுதித் தர எனக்குத் தெரிந்து இத்தனை வருடமாக ஒருவரும் மெனக்கெடவில்லை. எனக்கு இதில் கோபம் உண்டு. ஏஜென்ட்டுகள் பிழைப்பதே இந்த இடைவெளியில்தான்.

சரி, இப்போது செய்ய வேண்டியது: தொட்டியில் காற்று ஊதும் மோட்டார் இரவிலும் ஓடுகிறதா பாருங்கள், கரண்ட் பில்லுக்குப் பயந்து நிறுத்தும் மண்டபங்கள் நிறைய. எண்ணெய்ப் பிடிப்புத் தொட்டியை ஒவ்வொரு முகூர்த்தத்துக்குப் பிறகும் அள்ளுங்கள். மீந்த பாலும் பாயசமும் குழாயில் போகக் கூடாது. மூன்று வாரம் இப்படி ஓட்டிவிட்டு, முகூர்த்த நாளன்றே ஆய்வகத்தாரை வரவழைத்து மாதிரி எடுக்கச் சொல்லுங்கள். அந்த ஆய்வகத்துக்கு என்ஏபிஎல் (ஆய்வகங்களுக்கு அங்கீகாரம் தரும் தேசிய வாரியம்) அங்கீகாரம் பிஓடி சோதனைக்கு இருக்கிறதா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.